பன்னம் சேகரிக்கும் முறை: காம்படி முதல் லேபல் வரை

மலையகத்தில் பன்னம் (ஃபேர்ன்) முளைக்காத மண்மேட்டைத் தேடினாலும் கிடைக்காது. பீலிச் சுவரின் ஈரத்தில், கானோரத்தில், தேயிலைக்கு நடுவே நிற்கும் பாறையின் வெடிப்பில், நிழல் மரத்தின் கவட்டில் என்று எங்கும் அது இருக்கிறது. இலங்கையில் 300க்கும் மேற்பட்ட பன்ன இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி ஈரவலயக் காடுகளிலும் மத்திய மலைநாட்டிலும்தான் வளர்கின்றன. ஆனாலும் ஓர் அழகான இலையை ஒடித்துக் கொப்பிக்குள் வைத்து நசுக்கினால் அது உலர்தாவர மாதிரி (ஆய்வுக்காக அழுத்தி உலர்த்தி, விபரத்தோடு தாளில் ஒட்டிக் காக்கும் செடி) ஆகிவிடாது. பன்னத்துக்குப் பூவோ காயோ இல்லை. எந்த இனம் என்று சொல்வதற்கு உதவுபவை இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் குவைகள் (பன்னத்தைப் பரப்பும் தூள் போன்ற வித்திகளைக் கொண்ட வித்திக்கலன்கள் கூட்டமாக அமர்ந்திருக்கும் புள்ளிகள் அல்லது கோடுகள்), காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் செதில்கள், நிலத்துக்குள் இருக்கும் வேர்த்தண்டுக் கிழங்கு ஆகிய மூன்றுமே. இலையை மட்டும் ஒடிப்பவர் விட்டுவிட்டு வருவதும் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான்.

அனுமதி முதலில்

ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடு, ஹக்கல இயற்கை ஒதுக்கு போன்ற இடங்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ளன. நக்கிள்ஸ் போன்ற பேணற் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம் பொறுப்பு. எழுத்துமூல அனுமதி இல்லாமல் அங்கே ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதில் கண்டிப்பானது. அனுமதிக் கடிதத்தில் இடம், காலம், எடுக்கும் அளவு மூன்றும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். காட்டுக்குள் போகும்போது அதன் பிரதி சட்டைப்பைக்குள் இருக்கட்டும். மரப்பன்னங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருப்பதால், அவற்றின் ஒரு துண்டை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்புவதென்றாலும் தனி அனுமதி தேவை.

புதிதாகத் தொடங்குபவர் காட்டுக்குப் போகவே வேண்டியதில்லை. தோட்டத் துரையிடம் அனுமதிக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு, வீதியோரச் சரிவிலும் ஓடைக்கரையிலும் பீலியடியிலும் ஓர் ஆண்டு சேகரித்தாலே கை பழகிவிடும். சாதாரணமான இடம் என்று எல்லாரும் விட்டுவிட்டுப் போவதால் அங்கிருந்து வந்த மாதிரிகள்தான் குறைவு.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

கவ்வாத்துக் கத்தி ஒன்று, கிழங்கைக் கிளற ஒரு சிறு மண்வெட்டி அல்லது தடித்த ஸ்க்ரூ டிரைவர், 10 மடங்கு கைவில்லை, மழையில் கரையாத பென்சில், கெட்டி அட்டையிட்ட கொப்பி, நூல் கட்டிய சிறு அட்டைத் துண்டுகள், பெரிய பொலித்தீன் பைகள், அளவு நாடா. இவற்றோடு கடதாசி உறைகள் ஒரு 20. குமிழ்முனைப் பேனா வேண்டாம். ஈரக் கடதாசியில் அது எழுதாது, எழுதினாலும் ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும்.

இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எல்லாரும் அறிந்தது. குளவிதான் உண்மையான ஆபத்து. மரக்கிளையையோ பாறை இடுக்கையோ தொடுவதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று மேலே பாருங்கள். கூடு தெரிந்தால் அந்தப் பன்னம் எவ்வளவு அரிதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது பெய்யும். பறிப்பது சுலபம், உலர்த்துவது பெரும்பாடு. அந்தப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காய்ந்த காற்று உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாசி மூடிய மரத்தண்டில் வளரும் சவ்வுப் பன்னங்கள் வெயில் காலத்தில் சுருண்டு பாசிக்குள் மறைந்துவிடும். அவற்றைத் தேடுவதற்கு மழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் சரி.

எதை, எவ்வளவு எடுப்பது

முதலில் சுற்றிப் பாருங்கள். அந்த இடத்தில் அதே இனம் 20 செடிக்குக் குறைவாக இருந்தால் செடியைப் பிடுங்க வேண்டாம். ஓர் இலையை எடுத்து, மற்றதைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு செடிதான் இருக்கிறதென்றால் படம் மட்டும்.

நிறைய இருக்கும் இடத்தில், குவை முதிர்ந்த இலையாகத் தெரிவு செய்ய வேண்டும். பச்சையாக இருக்கும் குவை இன்னும் முற்றவில்லை. வெடித்துக் கலைந்து பஞ்சு போல் கிடப்பது காலம் கடந்தது. இரண்டுக்கும் இடையில், மினுங்கும் கபிலமாக அல்லது கறுப்பாக இருக்கும் பருவமே சரியானது. குவையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வான இன்டூசியம் அப்போதுதான் இருக்கும். அதன் வடிவம் பேரினத்தையே சொல்லிவிடும். வட்டக் குடைபோல நடுவில் ஒட்டியிருந்தால் பொலிஸ்டிக்கம். சிறுநீரக வடிவமென்றால் டிரையோப்டெரிஸ் பக்கம் தேடலாம். நரம்போடு நீண்ட கோடாக இருந்தால் அஸ்பிளீனியம். விளிம்பு மடங்கித் தானே மூடியானால் டெரிஸ் அல்லது அடியாந்தம். இன்டூசியம் முற்றி உதிர்ந்துவிட்டால் இந்தச் சான்று போய்விடும்.

ஒரு முதிர்ந்த இலைத்துண்டைக் கைவில்லையின் கீழ் வைத்து மேசை விளக்கின் சூட்டில் சில நிமிடம் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய வித்திக்கலன் ஒவ்வொன்றும் மெல்லப் பின்னோக்கி வளையும். வளைந்து வளைந்து போய், சட்டென்று முன்னோக்கித் தெறிக்கும். வித்திகளை எறிவது அந்தத் தெறிப்புத்தான். முதுகில் இருக்கும் தடித்த வளையக் கலங்களில் நீர் ஆவியாகி இழுவிசை ஏறுவதால் இது நடக்கிறது. இதை ஒரு தடவை பார்த்தவருக்கு, வித்தி தெறித்துப் படிந்த உலர்த்தும் தாளை ஏன் மற்ற மாதிரிகளோடு கலக்கக் கூடாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வித்தி தரும் இலையும் தராத இலையும் வேறு வேறு உருவில் இருக்கும் இனங்களில் இரண்டையும் எடுக்க வேண்டும். எலாபோகுளோசத்தில் வித்தியிலையின் அடிப்பக்கம் முழுவதும் கபிலப் பொடி அப்பியது போல இருக்கும். அருகில் நிற்கும் மலட்டிலை வெறும் பச்சை நாக்கு. டிரைனேரியாவில் மரத்தண்டை அணைத்து நிற்கும் காம்பில்லாத கபிலக் கூட்டிலையையும், நீண்ட பச்சை இலையையும் சேர்த்தே எடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒருநாள் அவற்றை இரண்டு இனமாக எண்ணுவார்கள்.

இலையை ஒருபோதும் நடுவில் வெட்டாதீர்கள். காம்பைப் பிடித்து அடிவரை விரலை இறக்கி, கிழங்கைத் தொட்டு, அங்கே வெட்டுங்கள். காம்படியில் உள்ள செதில்கள் எளிதில் உதிரும். அவை உதிரத் தொடங்கினால் உடனே ஒரு கடதாசி உறையில் போட்டு அதே இலக்கத்தை எழுதிவிடுங்கள். தரையில் ஊர்ந்து படரும் கிழங்கானால் 5 முதல் 8 சென்ரிமீற்றர் துண்டு போதும். நிமிர்ந்த தடித்த கிழங்கானால் நீளவாக்கில் பிளந்து பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை மண்ணில் புதைத்து மூடிவிடலாம். மண்ணைக் கழுவித் துடைப்பது நல்லது. ஆனால் தேய்க்காதீர்கள், செதில் போய்விடும்.

மரப்பன்னத்துக்கு வேறு முறை. நுவரெலியா, ஹக்கலப் பக்கத்து ஓடைகளில் நிற்கும் அல்சொபிலாவின் ஓர் இலை இரண்டு மீற்றருக்கு மேல் போகலாம். குருத்தைத் தொடக்கூடாது. அது போனால் மரமே செத்துவிடும். வெளிவட்டத்து முதிர்ந்த இலை ஒன்றை மட்டும் காம்படியோடு வெட்டி, முழு நீளம், காம்பின் நீளம், எத்தனை சோடிச் சிறகுகள் (நடுத்தண்டின் இருபுறமும் பிரியும் இலைப்பகுதிகள்), மிக நீண்ட சிறகு எவ்வளவு என்பவற்றை அளந்து எழுதுங்கள். பிறகு காம்படி 20 சென்ரிமீற்றர், நடுத்தண்டோடு ஒட்டிய ஒரு முழுச் சிறகு, இலையின் நுனி ஆகிய மூன்றையும் தனித்தனித் தாள்களில், ஒரே சேகரிப்பு இலக்கத்தின் கீழ் வைக்க வேண்டும். தண்டின் உயரம், சுற்றளவு, இலை விழுந்த தழும்பின் படம் ஆகியவையும் தேவை.

சவ்வுப் பன்னங்களை வீட்டுக்கு வந்து அழுத்தலாம் என்று நினைக்கவே வேண்டாம். அந்த இலையின் பரப்பு ஒரே ஒரு கலத்தின் தடிப்புக் கொண்டது. பறித்த சில நிமிடங்களில் சுருண்டுவிடும். அங்கேயே மெல்லிய கடதாசி மடிப்புக்குள் விரித்து, கொப்பிக்குள் வைத்து இறுக்குங்கள். சுருண்டுவிட்டாலும் பதற வேண்டாம், நீரில் சிறிது நேரம் போட்டால் மீண்டும் விரியும்.

மற்றவற்றைப் பொலித்தீன் பையில் ஈரப் பத்திரிகைத் துண்டோடு வைத்து, காற்றை ஊதி வாயைக் கட்டுங்கள். வெயிலில் நிற்கும் வான் வண்டிக்குள் பையை வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் அவிந்துபோகும். அன்றிரவே அழுத்த வேண்டும்.

கொப்பியில் எழுதுவது

பறித்த இடத்திலேயே எழுதுங்கள். சாயங்காலம் எழுதலாம் என்று வைத்தால் மூன்றாவது பையிலிருந்து குழம்பும்.

ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஓர் இலக்கம். உங்கள் வாழ்நாளில் 1இல் தொடங்கி ஏறிக்கொண்டே போகும், ஆண்டுக்கு ஆண்டு மீண்டும் 1 கிடையாது. ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே செடிக்கூட்டத்திலிருந்து எடுத்தவற்றுக்கு மட்டுமே ஒரே இலக்கம். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 1849 முதல் 1880 வரை பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய துவைட்ஸ், சி.பி. (சிலோன் பிளாண்ட்ஸ், இலங்கைத் தாவரங்கள்) என்று தொடங்கும் இலக்கங்களைத் தாள்களுக்கு இட்டார். அந்த இலக்கம் சேகரிப்புக்கல்ல, இனத்துக்கு. அதனால் வெவ்வேறு மலையில் வெவ்வேறு ஆண்டில் எடுத்த செடிகள் ஒரே இலக்கத்தின் கீழ் வந்தன. ஒரு தாளில் இருக்கும் இலை எந்த மலையில், எந்த ஆண்டில் எடுத்தது என்று கேட்டால் பல தடவை விடை சொல்ல முடிவதில்லை. அவர் செய்த பெரும் பணியை இது குறைக்காது. ஆனால் நாம் அந்த வழியில் போக வேண்டியதில்லை.

இடத்தை எழுதும்போது மாவட்டம், பக்கத்து ஊர், தோட்டம், டிவிஷன், மலை இலக்கம் வரை போங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரையும் எழுதுங்கள். பல தோட்டங்களுக்கு இரண்டும் வேறு வேறு. கம்பனி மாறினால், டிவிஷன் மூடப்பட்டால், வரைபடத்திலிருந்து ஒரு பெயர் போய்விடும். அந்த லயத்தில் பிறந்தவர்களின் வாயில் மற்றப் பெயர் இருக்கும். கைபேசி காட்டும் அகலாங்கு, நெட்டாங்கைத் தசமத்தில் ஐந்து இலக்கம் வரை குறித்து, அருகில் வழு எத்தனை மீற்றர் என்று காட்டுகிறதோ அதையும் எழுதுங்கள். அடர்ந்த மரத்தின் கீழ் அது 20 மீற்றர் வரை தள்ளிப்போகலாம். திறந்த இடத்துக்கு வந்து ஓரிரு நிமிடம் பொறுத்தால் குறையும். உயரத்தைக் கைபேசி அவ்வளவு சரியாகச் சொல்லாது, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, உலர்ந்தால் மறைந்துபோகிற எல்லாம். பிளெக்னம் ஒரியன்ராலேயின் இளந்தளிர் செம்மை நிறம், காம்பு பச்சையா கறுப்பா, செதிலின் நிறம், இலை நிமிர்ந்ததா தொங்கியதா, வாசனை. மண்ணிலா பாறையிலா மரத்திலா? மரமென்றால் என்ன மரம், தரையிலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில்? நிழல் எவ்வளவு, பக்கத்தில் வேறு என்ன வளர்கிறது? அங்குள்ளவர்கள் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள், கறிக்கோ மருந்துக்கோ மாட்டுத் தொழுவத்தில் பரப்பவோ எடுக்கிறார்களா? கேட்டுச் சொன்னபடியே எழுதுங்கள், புத்தகத் தமிழுக்கு மாற்றாதீர்கள். மலையகத் தமிழில் வழங்கும் செடிப் பெயர்கள் லேபலில் ஏறுவது மிகக் குறைவு. அவற்றைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி இல்லை.

அழுத்தலும் உலர்த்தலும்

30க்கு 45 சென்ரிமீற்றர் அளவில் இரண்டு பலகைச் சட்டம், இரண்டு பட்டி. கடையில் வாங்கும் அழுத்தியும் இதேதான். நடுவே நெளிவுக் கார்ட்போட், அதன்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் மடித்த பத்திரிகைத் தாளுக்குள் மாதிரி, மீண்டும் ஒற்றுத்தாள், கார்ட்போட். கார்ட்போட்டின் நெளிவுக் குழாய்கள் எல்லாம் ஒரே திசையில், குறுக்குவாட்டில் இருக்க வேண்டும். காற்று ஓடுவது அதன் வழியாகத்தான். மினுங்கும் வாரப் பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, சாதாரண நாளிதழ்த் தாளே நல்லது.

முகங்கள் இரண்டும் தெரிய வேண்டும். ஓர் இலையை மேற்பக்கமாகவும் இன்னொன்றை அடிப்பக்கமாகவும் வையுங்கள். ஒரே இலை என்றால் ஒரு சிறகையாவது புரட்டுங்கள். 40 சென்ரிமீற்றரைத் தாண்டும் இலையை நடுத்தண்டில் மடித்து வளையுங்கள், வெட்டாதீர்கள். மடிப்பு நிற்காவிட்டால் கீறிய கடதாசித் துண்டு ஒன்றை மடிப்பில் செருகிவிடலாம். முதல் நாள் உலர்ந்த பிறகு சிறகுகளைத் திருத்த முடியாது, திருத்துவதென்றால் முதல் 12 மணித்தியாலத்துக்குள்.

மலையகத்தில் மாதிரி கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். காற்றிலேயே ஈரம் நிற்பதால் தாள் காயாது, மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும், இலை கறுக்கும். முதல் மூன்று நாளும் காலை, மாலை தாளை மாற்றுங்கள். மேசை மின்விசிறியை அழுத்தியின் பக்கவாட்டில், நெளிவுக் குழாய்களுக்கு நேராக வைத்து ஓடவிடுவது மிகப் பயன் தரும். சூடு கொடுப்பதானால் 40 முதல் 50 பாகை செல்சியஸ் போதும். முன்பு 60 வாட் பல்ப் இரண்டைப் பெட்டிக்குள் வைத்து உலர்த்துவார்கள். இப்போதைய எல்.ஈ.டி. பல்பில் அந்தச் சூடு வராது, அதை நம்பிப் பெட்டி செய்ய வேண்டாம். விறகடுப்புக்கு மேல் தொங்கவிடுவதும் வேண்டாம். புகை படியும், ஒருபக்கம் கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

உலர்ந்ததா என்று பார்க்க இலையை மேலுதட்டில் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாகப் பட்டால் ஈரம் இன்னும் இருக்கிறது. காம்பைப் பிடித்துத் தூக்கினால் வளையாமல் நிற்க வேண்டும். கிழங்கு கடைசியாகத்தான் காயும், அதைத் தனியாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

பல நாள் காட்டில் நிற்க நேர்ந்தால், தாளுக்குள் வைத்த மாதிரிகளைக் கட்டாக்கி 70 சதவீத அற்ககோல் ஊற்றி நனைத்து, காற்றுப் புகாத பொலித்தீனில் கட்டினால் சில வாரம் தாங்கும். ஆனால் நிறம் போகும், மரபணு ஆய்வுக்கு உதவாது. வெள்ளிப் பன்னத்துக்கு இந்த முறையைத் தொடவே வேண்டாம். தேயிலைச் சரிவுகளில் சாதாரணமாக வளரும் அந்தப் பிற்றிரோகிரம்மாவின் இலையைப் பிள்ளைகள் புறங்கையில் வைத்து அடித்து, வெள்ளை அச்சுப் பதிப்பார்களே, அந்த வெண்பொடி அற்ககோலில் கரைந்துவிடும். இனத்தைச் சொல்லும் அடையாளமே அதுதான்.

மரபணு ஆய்வுக்கென்றால், உலர்த்துவதற்கு முன்பே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இளம் இலைத்துண்டைத் தேயிலைப் பை போன்ற கடதாசியில் சுற்றி, அதன் எடையைப் போலப் பத்து மடங்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுக்குள் போட்டு மூடிவிடுங்கள். அதே இலக்கத்தை அதற்கும் எழுத மறக்க வேண்டாம்.

ஒட்டுதலும் லேபலும்

தாளின் அளவு ஏறத்தாழ 29க்கு 42 சென்ரிமீற்றர், அமிலமற்ற தடித்த கடதாசி. ஒட்டுவதற்கு நீரில் கரையும் வெள்ளைப் பசை, காம்புக்கும் கிழங்குக்கும் துணிப்பட்டி அல்லது நூல். செலோடேப் எந்த நிலையிலும் வேண்டாம். சில ஆண்டில் மஞ்சளாகிக் கழன்று, இலையையும் பிய்த்துக்கொண்டு போகும். குவைப் பக்கம் பசை படாமல் பாருங்கள். உதிர்ந்த செதில், வித்தி, சிறு துண்டுகளுக்கு ஒரு கடதாசி உறையை மேல் மூலையில் ஒட்டிவிடுங்கள்.

லேபல் வலது கீழ் மூலையில் வர வேண்டும். பேராதனைத் தேசிய உலர்தாவரத் தொகுப்புக்குக் கொடுக்கும் லேபலை ஆங்கிலத்தில் எழுதுவது நடைமுறை. ஊர்ப் பெயரையும் செடியின் உள்ளூர்ப் பெயரையும் தமிழ் எழுத்திலும் சேர்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு லேபல் இப்படி இருக்கும்:

இலங்கை, மத்திய மாகாணம், நுவரெலியா மாவட்டம். நானு ஓயா ரயில் நிலையத்திலிருந்து நுவரெலியா வீதியில் 1.2 கி.மீ., இடப்பக்க ஓடைக்கரை. அகலாங்கு, நெட்டாங்கு, வழு, உயரம். ஈரப் பாறையில், அரைநிழலில், பாசியோடு. கிழங்கு ஊர்வது, செதில் கருங்கபிலம். இலை 35 செ.மீ., காம்பு கறுப்பு, மினுங்கும். 20 செடிக்கு மேல். சேகரித்தவர் பெயர், இலக்கம் 147, நாள்.

இனப் பெயர் தெரியாவிட்டால் பேரினம் வரை எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து எழுதிய பெயரை அடுத்தவர் உண்மையென்று எடுத்துக்கொள்வார்.

ஒட்டிய தாள்களை அலுமாரிக்குள் வைக்குமுன் பூச்சியைக் கொல்ல வேண்டும். பொலித்தீனில் இறுக மூடி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில், மறை 18 பாகையில், ஒரு வாரம். எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது 24 மணித்தியாலம், பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் நீராவி படிந்து தாள் நனையும். பழைய காலத்தில் பூச்சிக்கு மேர்க்குரிக் குளோரைட்டு பூசுவார்கள். அது கொடிய நஞ்சு, நீங்கள் பூச வேண்டாம். பழைய தாள்களைத் தொட்டுப் பார்க்கும்போது கையுறை போட்டு, பிறகு கையைக் கழுவுங்கள்.

ஒவ்வொரு இலக்கத்துக்கும் முடிந்தால் மூன்று தாள் செய்யுங்கள். சிறந்தது பேராதனைத் தேசிய உலர்தாவரத் தொகுப்புக்கு, இன்னொன்று உங்களுக்குக் கற்றுத்தரும் பல்கலைக்கழகத்துக்கோ பாடசாலைக்கோ, மூன்றாவது உங்களுக்கு. கொண்டுபோகுமுன் எழுதிக் கேட்டு, அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் இணையுங்கள். அது இல்லாத மாதிரியை ஏற்க அவர்களுக்கு வழியில்லை. பிறகு யாராவது பெயரைத் திருத்தினால் பழைய லேபலைக் கிழிக்கவோ அடிக்கவோ மாட்டார்கள். திருத்தியவர் பெயரும் ஆண்டும் எழுதிய சிறு துண்டுச் சீட்டு ஒன்று அதன் பக்கத்தில் ஒட்டப்படும். உங்கள் வீட்டுத் தாளிலும் அதே திருத்தத்தை அன்றே ஒட்டிவிடுங்கள்.